நீலவ்வாவிடம் கேட்காத கேள்வி

பீஜப்பூர்ப் பக்கம் அந்த மெடிக்கல் காலேஜில் பரீட்சை என்றால், முதல் நாளே விடைகளெல்லாம் வார்டைச் சுற்றி உலாவ ஆரம்பித்துவிடும். எந்தக் கட்டிலில் யார், அவருக்குக் கெட்டிருப்பது இதயமா ஈரலா, எதைச் சொன்னால் எக்ஸாமினர் தலையாட்டுவார் என்பதெல்லாம் கேட் பக்கத்து டீக்கடை வரைக்கும் தெரியும். மாணவர்கள் நோயாளி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, காதில் விழுந்த விடையைத் தாங்களே கண்டுபிடித்தது மாதிரி ஒப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

போன தடவை சுனந்தா ஹடபத் அப்படித்தான் ஒப்பித்தாள், அப்படித்தான் ஃபெயிலும் ஆனாள். வால்வு சுருங்கிய இதயம் ஒன்று அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மாதிரி இதயத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே தாழ்ந்த உறுமல் ஒன்று கேட்கும். அடுத்த துடிப்பு வரும் சமயம் அந்த உறுமல் ஓங்கும் என்று புத்தகத்தில் இருந்ததை அவள் அட்சரம் பிசகாமல் சொன்னாள். ஆனால் அந்த ஆளின் இதயம் தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. தாளம் தப்பிய இதயத்தில் உறுமல் ஓங்கவே ஓங்காது. "காதால கேட்டீங்களா, புத்தகத்துல கேட்டீங்களா?" என்று எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் அப்பாவுக்கு இண்டி என்ற ஊரில் சலூன். நாற்காலியில் வந்து உட்காரும் ஒவ்வொரு தலையிடமும் "மக டாக்டராயிட்டா" என்று முன்கூட்டியே சொல்லி முடித்திருந்தார். அதன் பிறகு ஆறு மாதம் அவர் யார் தலையைத் தொட்டாலும் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் சுனந்தா ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் நான் கேட்டதைத்தான் சொல்வேன், கேட்காததைக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஃபெயிலானாலும் சரி.

அந்த வீம்போடுதான் இன்று காலை வார்டுக்குள் வந்தாள். சித்தராம் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். இதே வார்டில் மேல்படிப்பு படிக்கிறவன். ஒரு காலத்தில் இவளுக்கு இரண்டு வருஷம் சீனியர்.

"உனக்கு ஏழாம் கட்டில். நீலவ்வா. வால்வு சுருக்கம், தாளம் தப்பின இதயம். கண்ணை மூடிக்கிட்டு சொல்லு, பாஸ்."

"நான் கண்ணைத் திறந்துகிட்டே பாக்கறேன் அண்ணா."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டா! அம்மா தாயே, வெளியூர் எக்ஸாமினர் ஹுப்பள்ளி இனாம்தார். சாமி வரம் கொடுத்தாலும் மார்க் கொடுக்காத ஆளு. ஏதாவது ஏடாகூடமா பேசி என் மானத்தையும் சேர்த்து வாங்காதே."

ஏழாம் கட்டிலில் இருந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, கன்னத்தில் இரண்டு பக்கமும் அந்த நோய்க்கே உரிய கருஞ்சிவப்பு. நெற்றியில் விபூதி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் மல்லப்பா, கழுத்துத் துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். பரீட்சை நேரத்தில் கூட வந்தவர்கள் இருக்கக் கூடாது என்று நர்ஸ் அவனை வெளியே அனுப்பினாள். அவன் வராந்தாவில் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றுகொண்டான்.

சுனந்தா பச்சைத் திரையை இழுத்து விட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீலவ்வாவே ஆரம்பித்துவிட்டாள்.

"பேரு நீலவ்வா. திராட்சைத் தோட்டத்துல கூலி வேலை. சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல். அப்புறம் மேடு ஏறினா மூச்சு. இப்ப ரெண்டு மாசமா சும்மா உக்காந்திருந்தாலே மூச்சு. ராத்திரி ரெண்டு தலைகாணி. நெஞ்சுல வலி இல்ல. மயக்கம் இல்ல. கால் சாயங்காலம் வீங்கும். போதுமா?"

சுனந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருக்கா இப்படி மனப்பாடம் பண்ணி வெச்சது?"

"நேத்து நாலு பேரு, முந்தா நாள் அஞ்சு பேரு. எல்லாரும் இதையேதான் கேட்டாங்க. நான் தப்பா சொன்னா அவங்களே திருத்தறாங்க. நீ என்ன, எழுதிக்கலையா?"

"முதல்ல கையைக் கொடுங்கக்கா."

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். நாடி ஒழுங்கே இல்லாமல் ஓடியது. இரண்டு வேகமாக வந்தது, ஒன்று காணாமல் போனது, பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. எவ்வளவு நேரம் பிடித்திருந்தும் எந்த வரிசையும் பிடிபடவில்லை. ஸ்டெத்தாஸ்கோப்பின் வில்லையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினாள். குளிர்ந்த உலோகத்தை நெஞ்சில் வைத்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும், அப்போது எந்த ஒலியும் சரியாகக் கேட்காது. ஒரு கையில் நாடியும் காதில் இதயமுமாக இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது, நெஞ்சில் அடிக்கும் அடிகள் எல்லாமே மணிக்கட்டு வரைக்கும் வந்து சேரவில்லை என்று தெரிந்தது.

"இப்ப இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு, கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

நீலவ்வா திரும்பிப் படுத்தாள். இடது மார்புக்குக் கீழே, துடிப்பு விரலில் தட்டிய இடத்தில், சுனந்தா வில்லையை லேசாக வைத்தாள். முதல் ஒலி படாரென்று அறைந்தது. அதன் பின்னால் இரண்டாவது. அப்புறம் ஒன்றுமில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு தரம் மூச்சை விடச் சொன்னாள். மூன்றாவது தடவையில், தூரத்தில் மாவு மில் ஓடுகிறது மாதிரி, அந்த உறுமல் கேட்டது. தாழ்ந்து ஆரம்பித்து, தாழ்ந்தே முடிந்தது. எந்த இடத்திலும் ஓங்கவில்லை.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. வார்டில் எத்தனையோ பேரின் நெஞ்சில் வைத்துப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் சுற்றி நின்றவர்கள் "கேக்குதா?" என்பார்கள், இவளும் "கேக்குது" என்பாள். இன்றைக்குத்தான் நிஜமாகக் கேட்டது.

"ஏன் தங்கச்சி, நான் செத்துடுவேனா? கண்ணு கலங்கறே?"

"அய்யோ, இல்லக்கா. நீங்க எந்திரிச்சு உக்காருங்க."

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பாஸாவதற்கு அது போதும். ஆனால் இனாம்தார் மாதிரி ஆள் அதோடு விட மாட்டார். இந்த வால்வு சுருங்கி வருஷக்கணக்காகிறது. இத்தனை வருஷம் தோட்டத்தில் கூடை தூக்கியவள், இந்த இரண்டு மாதத்தில் மட்டும் படுக்கையில் விழுந்தது ஏன்? அதைக் கேட்பார். சுனந்தா ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மாத்திரையை நிறுத்தவில்லை. உப்பைக் கண்ணால்கூடப் பார்க்க மல்லப்பா விடுவதில்லை. வேலையும் கூடவில்லை.

"மாசாமாசம் ஒழுங்கா வருதாக்கா? கடைசியா எப்ப வந்துச்சு?"

இவ்வளவு நேரம் பட்பட்டென்று பதில் சொன்னவள் போர்வையை இழுத்து மடித்தாள். மடித்ததை மறுபடியும் பிரித்தாள்.

"அதை எதுக்குக் கேக்கறே? இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலையே."

நிஜந்தான், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வார்டில் நோயாளி பெண் என்றால் அந்த இடத்தில் 'ரெகுலர்' என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். எழுதுகிற பையன்களுக்குக் கேட்க வெட்கம். முதலில் வந்தவன் வெட்கப்பட்டு எழுதியதைப் பார்த்து அடுத்தவன் எழுதுவான், அவனைப் பார்த்து பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார். இத்தனைக்கும் நெஞ்சைத் திறந்து வால்வைத் தைக்கிறவர்கள் இவர்கள். மாதவிலக்கு பற்றி ஒரு நோயாளியிடம் கேட்பதற்கு மட்டும் நாக்கு எழும்பாது.

"நான் கேக்கறேன்கா. எனக்குத் தெரியணும்."

நீலவ்வா திரையின் இடுக்கு வழியாக ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு சுனந்தாவின் கையை இழுத்துத் தன் பக்கம் குனிய வைத்தாள்.

"ரெண்டு மாசமா வரலை. போதுமா? அவருக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. நீயும் மறந்துடு."

சுனந்தாவுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம். சுருங்கின வால்வு ஒரு உயிருக்குத் தேவையான இரத்தத்தையே திக்கித் திணறித்தான் விடும். இப்போது இரண்டு உயிர்.

"அக்கா, உங்களுக்குக் குழந்தை கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க இல்ல?"

"சொன்னாங்க. அவரும் சரி சரின்னு தலையாட்டினாரு. 'நீ இருந்தா போதும் நீலா, குழந்தையும் வேணாம் குட்டியும் வேணாம்'னாரு. நல்ல மனுஷன். ஆனா தெரிஞ்சா அடுத்த நிமிஷம் டாக்டர் கால்ல விழுந்து கலைச்சுடுங்கம்பாரு. என்னை யாரு கேட்டா? ஏற்கெனவே ரெண்டு தானா போச்சு. இது தங்கியிருக்கு. நான் விடமாட்டேன்."

"உங்க உயிருக்கு ஆபத்துக்கா."

"தெரியும். மூச்சு என்னோடது. ஒவ்வொரு தடவையும் அதை இழுக்கறது நான்தானே? நீ சொல்லித்தான் தெரியணுமா?"

 சுனந்தா வேறொன்று ஞாபகம் வந்து நிமிர்ந்தாள். "இன்னைக்குப் புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிக்கறதா சொன்னாங்களா?"

"ஆமா, சாயங்காலத்துலேர்ந்து. இதயம் தாறுமாறா ஓடுதாம், ரத்தம் உறையாம இருக்கணுமாம்."

"அந்த மாத்திரை வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது. இந்த மாசத்துல ரொம்பவே ஆகாது."

"அவ்வளவுதானே? நாக்குக்கு அடியில வெச்சுட்டு, நர்ஸ் போனதும் துப்பிடறேன்."

"துப்பினா உங்களுக்கு ஆகாது! இதயத்துல ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா கை கால் விழுந்துடும். அதுக்குப் பதிலா ஊசி இருக்கு, குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா நீங்க உண்டாகியிருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் அந்த ஊசி போடுவாங்க. மறைச்சா ரெண்டு பேருக்கும் ஆபத்து. சொல்லித்தான் ஆகணும்."

"சொன்னா கலைச்சுடுவாங்க."

"கலைக்கமாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்ல, நான் இன்னும் பாஸே ஆகலை. ஆனா உங்களைக் கேக்காம பண்ண முடியாது. வேணும்னு நீங்க சொன்னா, அதுக்கும் வழி இருக்கு. கொஞ்ச மாசம் போனப்புறம் பலூன் விட்டு வால்வை விரிக்கலாம்னு படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கே. பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல."

பொய் சொல்லாததே நீலவ்வாவுக்குப் பிடித்திருக்க வேண்டும். முகத்தைக் கொஞ்சம் இளக்கினாள். "சொல்றதா இருந்தா நானாத்தான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

"சரிக்கா. நான் சொல்லமாட்டேன். ஆனா பொய்யும் சொல்லமாட்டேன். அந்த மாத்திரையைக் கொடுக்கவும் விடமாட்டேன்."

மணி அடித்தது. திரை விலகியது.

டாக்டர் இனாம்தார் நெடுநெடுவென்று உயரம், காது ஓரத்தில் மட்டும் நரை. அவர் பின்னால் உள்ளூர் எக்ஸாமினர், சித்தராம், முறைக்குக் காத்திருக்கும் மற்ற மாணவர்கள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டது. சுனந்தா சொல்லத் தொடங்கினாள். நாடி, கழுத்து நரம்பு, துடிப்பின் இடம், முதல் ஒலி, உறுமல்.

"கடைசியில ஓங்குதா?" என்று கேட்டார் இனாம்தார்.

"இல்ல சார். மூணு தடவை கேட்டேன். ஓங்கலை."

அவர் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. பின்னால் சித்தராம் மட்டும் மூச்சை விட்டான்.

"சரி. வருஷக்கணக்கா இருக்கற நோய். இப்ப ஏன் முத்திச்சு?"

சுனந்தா நீலவ்வாவைப் பார்த்தாள். நீலவ்வா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணம் தெரியும் சார். இந்தக் கூட்டத்துல சொல்லமாட்டேன்."

"என்னது?"

"நோயாளி என்கிட்ட நம்பிச் சொன்னது. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நீங்களே அவங்களைக் கேளுங்க சார்."

சித்தராம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். உள்ளூர் எக்ஸாமினருக்கு முகம் சிவந்தது. "இது பரீட்சையா, பஞ்சாயத்தா? மாதவிலக்கு விவரமாவது கேட்டீங்களா, அதுவும் ரகசியமா?"

"கேட்டேன் சார். அதுவும் சொல்லமாட்டேன்."

"கேஸ் ஷீட்லயே ரெகுலர்னு எழுதியிருக்கு, அதைச் சொல்றதுக்கு என்ன?"

"அப்படி யாரும் கேட்டு எழுதலை சார். ஒண்ணு மட்டும் சொல்றேன். இன்னைக்குச் சாயங்காலம் அவங்களுக்குக் கொடுக்கப்போற மாத்திரையைக் கொடுக்கக் கூடாது."

மாணவி ஒருத்தி, அதுவும் ஃபெயிலான மாணவி, வார்டு டாக்டர்களின் மருந்தை நிறுத்தச் சொல்கிறாள். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இனாம்தார் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "ஹடபத், பதில் சொல்லலைன்னா மார்க் கிடையாது. போன தடவை ஃபெயில் ஆனவங்கதானே நீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

சலூன் நாற்காலி ஒன்று அவள் கண்முன் வந்து நின்றது. அப்பா யாருக்கோ பேசாமல் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுட்டேன் சார். மார்க் வேண்டாம். மாத்திரையை மட்டும் நிறுத்துங்க."

"அந்தப் பொண்ணை ஏன் வையறீங்க?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். நீலவ்வா தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பு துடிப்பது வெளியே தெரிந்தது.

"மூணு நாளா கும்பல் கும்பலா வந்தீங்க. என் நெஞ்சை எல்லாரும் கேட்டீங்க. என்னை ஒருத்தரும் கேக்கலை. இவ ஒருத்திதான் கேட்டா. யாரையும் வெளிய அனுப்ப வேணாம், நானே சொல்றேன். நான் உண்டாகியிருக்கேன். ரெண்டு மாசம்."

ஜன்னலுக்கு வெளியே மல்லப்பாவின் கையிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. நர்ஸ் தடுப்பதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான்.

"ஏன் நீலா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அழுவே."

அவன் அழத்தான் செய்தான். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். இனாம்தார் நீலவ்வாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், பிறகு தலையைத் திருப்பி மாணவர்களைப் பார்த்தார்.

"உங்கள்ல எத்தனை பேர் இன்னைக்குக் கேக்காம 'ரெகுலர்'னு எழுதினீங்க?"

கடைசியில் விருபாட்சா என்ற பையன், வேர்த்து விறுவிறுத்து, கையைப் பாதி தூக்கினான். அவனுடைய நோயாளி மூன்றாம் கட்டிலில் பொக்கை வாயோடு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவி. அவள் இதையெல்லாம் கேட்டு, "எனக்குமா எழுதினான் படுபாவி!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நேரத்திலும் வார்டே சிரித்தது. உள்ளூர் எக்ஸாமினர் மட்டும் சிரிக்காமல், மாத்திரையை நிறுத்தச் சொல்ல நர்ஸிடம் போனார்.

இனாம்தார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீலவ்வா, ஆபத்து இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். இருக்கு. கலைக்கறது ஒரு வழி. ஊசியும் ஓய்வுமா கொஞ்ச மாசம் தள்ளி, அப்புறம் வால்வை விரிச்சு, குழந்தையைக் காப்பாத்தப் பாக்கறது இன்னொரு வழி. அது கஷ்டமான வழி, உங்க உயிரே போனாலும் போகும். உங்களுக்கு என்ன வேணும்?"

"குழந்தை வேணும்."

மல்லப்பா முகத்தைத் துடைத்தான். ஏதோ சொல்ல வந்து, நீலவ்வாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் அவள் தோள்மேல் கையை வைத்தான்.

"டாக்டர், அவ பிடிச்சா விடமாட்டா. நீங்க வழியைப் பாருங்க" என்றான்.

சுனந்தா அந்த வருஷம் பாஸானாள் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மெடல் ஒன்றும் வாங்கவில்லை, பாஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் அது அவளுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்துவிட்டதென்று ஸ்டெத்தாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போடப் போனாள்.

"எங்க போறீங்க? கேஸ் முடியலையே. டயக்னோசிஸ் சொல்லுங்க" என்றார் இனாம்தார்.

அவள் நேராக நின்றாள். "மூட்டுக் காய்ச்சலால் வந்த வால்வு சுருக்கம். தாளம் தப்பிய இதயம். இரண்டு மாதக் கர்ப்பம், அதனால் இப்போது மூச்சுத் திணறல்." அதோடு நிறுத்தாமல் நீலவ்வாவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாய்க்குக் குழந்தை வேணும்."

"கடைசியில சொன்னது டயக்னோசிஸ்ல வராது."

"வரணும் சார். அது தெரியாமத்தானே தப்பான மாத்திரையைக் கொடுக்க இருந்தோம்."

இனாம்தார் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்தார். 'ரெகுலர்' என்ற வார்த்தையை அடித்தார். அடியில் இடம் தேடி, அவள் சொன்னதை, கடைசி வரியையும் சேர்த்து, தன் கையாலேயே எழுதத் தொடங்கினார்.